மண்ணில் மறைந்த மருந்து

தேடியும் கிட்டாமை, ஒரு பொருள் இல்லை என்பதற்குச் சான்றாகாது என்பது மதரஸாக்களில் நாம் பயிலும் விதிகளுள் ஒன்று. மண்ணில் மருந்து தேடியோரின் வரலாறு அவ்விதிக்கு ஏற்றதொரு விளக்கம் என நாம் கருதுகிறோம்.

1943ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், வாக்ஸ்மனின் ஆய்வுக்கூட மாணவரான ஆல்பர்ட் ஷாட்ஸ், மண்வாழ் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். காசநோயை எதிர்க்கும் ஆற்றல் அதற்கிருந்தது. பின்னர்ப் பலரும் மண்ணைத் துழாவினர். நாளடைவில், கண்ட மருந்துகளே மீண்டும் மீண்டும் கிட்டின. மண்ணின் செல்வம் தீர்ந்ததென்று சோர்ந்தோரும் உளர்.

உண்மையோ வேறு. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுள் ஏறத்தாழ நூற்றில் ஒன்றே ஆய்வுக்கூடத் தட்டில் எளிதில் வளரும். ஏனையவற்றை எவ்வாறு ஆராய்வது? 1998இல் ஜோ ஹேண்டல்ஸ்மன் முதலானோர் வழியொன்று கூறினர். அவ்வுயிர்களை வளர்க்க வேண்டுவதில்லை. மண்ணிலிருந்து அவற்றின் டி.என்.ஏ.வை நேரே பிரித்து, வளரக்கூடிய வேறோர் உயிரினுள் புகுத்தலாம். மருந்தாக்கும் குறிப்பு அதில் இருப்பின், புகுந்த இடத்திலும் அது செயற்படக்கூடும்.

2018இல், நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்து ஷான் பிரேடி குழுவினர், இவ்வழியே பாலைநில மண்ணின் டி.என்.ஏ.விலிருந்து 'மலாசிடின்' என்னும் பொருளைப் பெற்றனர். பல மருந்துகளுக்கும் அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியை எலிகளின் புண்ணிலிருந்து அது அகற்றியது. எலிக்கு உதவியது மனிதருக்கும் உதவுமா என்பது தனியே சோதித்தறிய வேண்டியது.

பழைய மருந்துகள் வலுவிழந்துவரும் இந்நாளில், மேற்கூறிய விதியை நம் மாணாக்கர் தேர்வுக்கென மனனம் செய்தல் மட்டும் போதாது. அதைக்கொண்டு தேடவும் பழகுதல் வேண்டும்.