முகம் படித்த இருவர்

பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியின் விடுதிகளிலும் படைப் பாசறைகளிலும் செல்வர் மாளிகைகளிலும் 'பிரிமேரா' என்னும் சீட்டாட்டம் பெருவழக்காய் இருந்தது. நாற்பது சீட்டுகள் கொண்ட கட்டு. ஆளுக்கு நான்கு சீட்டு. கையில் இருப்பதைக் காட்டாமலேயே பந்தயத்தை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நல்ல சீட்டு வைத்திருப்பவன்தான் வெல்வான் என்பதில்லை. ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு, எல்லாம் இருப்பவனைப்போல் பணத்தை முன்னே தள்ளுகிறவனும் வெல்லலாம். எதிரில் இருப்பவன் அஞ்சிச் சீட்டைக் கவிழ்த்துவிட்டால் போதும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரன் தன் சீட்டைவிட எதிரியின் முகத்தையே அதிகம் பார்த்தான். விரலின் நடுக்கமும், தேவைக்கு மிஞ்சிய சிரிப்பும், திடீரென்று அடங்கும் பேச்சும் அவனுக்கு எழுத்துகளாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படகுகளில் பரவிய போக்கர் ஆட்டத்தின் முன்னோர்களுள் ஒன்றாகப் பிரிமேராவை வரலாற்றாசிரியர் கருதுகின்றனர்.

போக்கர் கற்றவன் மனிதரைக் கற்றவன். அந்தத் திறன் கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் குடும்பத்திலும் கைகொடுக்கும் என்று சொல்வோர் இன்று பலர். நம் மாநிலத்தில் இது நீதிமன்றம் வரை சென்ற வழக்காகவும் ஆயிற்று. 2022-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்விரண்டும் திறமை ஆட்டங்களே என்று கூறி அப்பட்டியலை நீக்கியது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டம் எதுவானாலும் தடைசெய்தது. சட்டத்தின் நுட்பங்களை வழக்கறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். மனிதரைப் படிக்கும் இத்திறன், ஒருவனை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதே நம் கேள்வி.

மனிதரைப் படிப்பது இழிவான கலையன்று. திருவள்ளுவர் அதற்குக் 'குறிப்பறிதல்' என்று பெயரிட்டு, பொருட்பாலில் ஒன்றும் இன்பத்துப்பாலில் ஒன்றுமாக இரண்டு அதிகாரங்கள் ஒதுக்கினார். சூதுக்கு ஒதுக்கிய அதிகாரமோ வேறு; அதன் குரலும் வேறு. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த நம் வீரமாமுனிவர், குறிப்பறிதலையும் சூதையும் ஒரே எழுதுகோலால்தான் எழுதியிருக்க வேண்டும். அவர் பிறந்த இத்தாலி மண்ணில், அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு, இவ்விரண்டையும் தம் வாழ்வில் பிணைத்துக்கொண்ட இருவர் வாழ்ந்தனர். ஒருவர் பேரறிஞர், மற்றவர் எழுத்தறிவு அதிகமில்லாத படைவீரர். இருவரும் சூதாடிகள்.

அறிஞரின் பெயர் ஜெரோலாமோ கர்தானோ. 1501-இல் பவியா நகரில் பிறந்தவர். மருத்துவர், கணிதர், சோதிடர். 1545-இல் அவர் வெளியிட்ட 'ஆர்ஸ் மாக்னா' என்னும் நூல் இயற்கணித வரலாற்றில் ஒரு திருப்பம். ஸ்காட்லாந்தின் பேராயர் ஜான் ஹாமில்டன் மூச்சிரைப்பு நோயால் வருந்தியபோது, 1552-இல் இவரைத்தான் அத்தனை தொலைவிலிருந்து வரவழைத்தனர். நோயாளியை நாள்கணக்கில் கூர்ந்து கவனித்து, இறகு மெத்தையையும் இறகுத் தலையணையையும் அகற்றச் சொன்னவர் இவர். பேராயர் நலமடைந்தார். பார்க்கத் தெரிந்த கண் அது என்பதில் ஐயமில்லை.

அதே கண் இரவில் சூதாட்ட மேசையில் அமர்ந்தது. சதுரங்கம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல், பகடை இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல், அதுவும் நாள்தோறும் ஆடியதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே வெட்கத்துடன் எழுதியிருக்கிறார். சூதைப்பற்றி ஒரு நூலும் எழுதினார். அவர் இறந்து நெடுங்காலம் கழித்து, 1663-இல்தான் அது அச்சேறியது. இரண்டு பகடைகளை உருட்டினால் முப்பத்தாறு விதமாய் விழலாம் என்று எண்ணிப் பார்த்து வாய்ப்புகளைக் கணக்கிட்டவர் அவர். பஸ்கால் என்ற இறைப்பற்றுள்ள கணிதர் 1654-இல் பெர்மாவுக்குக் கடிதம் எழுதி நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடிக்கல் நாட்டுவதற்கு ஏறத்தாழ நூறாண்டு முந்தைய முயற்சி அது. சீட்டுக்குச் சவர்க்காரம் தடவி வழுக்கச் செய்வோர், மோதிரத்தில் கண்ணாடி பதித்து எதிரியின் சீட்டைப் பார்ப்போர் என ஏமாற்றுக்காரரின் வித்தைகளையும் அந்நூல் விவரிக்கிறது. சூதில் மிகப்பெரிய ஆதாயம் ஆடாமல் இருப்பதே என்ற பொருளிலும் ஓரிடத்தில் எழுதுகிறார். எழுதிவிட்டு ஆடப் போனார்!

வெனிஸ் நகரில் அவர் இளமையில் பட்ட பாடு அவருடைய தன்வரலாற்றில் இருக்கிறது. அன்னை மரியாளின் பிறப்புப் பெருவிழா அன்று, செல்வாக்குள்ள ஒருவரின் வீட்டில் ஆடிப் பணத்தை இழந்தார். மறுநாள் எஞ்சியதையும் இழந்து, உடையும் மோதிரமும் பணயமாய்ப் போயின. அப்போதுதான் சீட்டுகளில் அடையாளம் இடப்பட்டிருப்பது அவர் கண்ணில் பட்டது. உடனே குறுவாளை உருவி, வீட்டுக்காரரின் முகத்தைக் கீறினார், இழந்ததை அள்ளிக்கொண்டார், பணியாளரை மிரட்டிக் கதவைத் திறக்கச் செய்து வெளியேறினார். அன்றிரவே காவலருக்கு அஞ்சிப் பதுங்கித் திரிகையில் கால் இடறி நீரில் விழுந்தார். படகொன்றில் இருந்தவர்கள் கைகொடுத்துத் தூக்கிவிட்டனர். மேலே ஏறிப் பார்த்தால், முகத்தில் கட்டுடன் அதே மனிதர் அமர்ந்திருக்கிறார்! பழி வாங்குவார் என்று எதிர்பார்த்த வேளையில், நனைந்தவருக்கு மாற்றுடை தந்து பதுவை நகர்வரை தம்மோடு அழைத்துச் சென்றார் அவர்.

இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. இரண்டு நாள் எதிரெதிரே அமர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் படித்தனர். அம்மனிதரிடம் வஞ்சகம் இருப்பதைக் கர்தானோ இரண்டாம் நாள் கண்டுபிடித்தார். ஈரமும் இருப்பதைப் படகில் ஏறிய பிறகே கண்டார். சூதாடிக்குத் தேவை எதிரியின் அச்சமும் பேராசையும் மட்டுமே. அவற்றைத் தாண்டி அவன் படிப்பதில்லை.

முகம் படிப்பதை ஒரு சாத்திரமாகவே ஆக்க முனைந்தார் கர்தானோ. நெற்றிக் கோடுகளைக் கொண்டு ஒருவனின் குணத்தையும் வருங்காலத்தையும் சொல்லும் அவருடைய நூல், நூற்றுக்கணக்கான முகப் படங்களோடு 1658-இல் பாரிசில் வெளியாயிற்று. ஆனால் 1552-இல் இலண்டனில் இளம் மன்னர் ஆறாம் எட்வர்டை நேரில் கண்டு, ஐம்பத்தைந்து வயதுக்கு மேலும் வாழ்வார் என்று சாதகம் கணித்தார். அடுத்த ஆண்டே, பதினைந்து வயதில், மன்னர் மாண்டார். அது போகட்டும்; சோதிடம் பொய்த்ததில் வியப்பென்ன? நம் நெஞ்சைத் தொடுவது அவருடைய சொந்த வீடு. மூத்த மகன் ஜம்பத்திஸ்தா தந்தையைப்போல் மருத்துவர். 1557-இல் தந்தைக்குப் பிடிக்காத திருமணம் செய்துகொண்டார். மனைவியோடு நாளும் பூசல். 1560-இல் அவளுக்கு உணவில் நஞ்சிட்டுக் கொன்றார். அதற்காக அதே ஆண்டு தலை வெட்டப்பட்டார். மன்றத்தில் மகனுக்காகத் தந்தை வாதாடியது வீணாயிற்று. இளைய மகன் ஆல்தோ சூதில் ஊறி, தந்தையின் வீட்டிலேயே திருடினான். ஊரார் நெற்றிகளை எல்லாம் படித்தவருக்குத் தம் உணவு மேசையில் அமர்ந்திருந்த இரண்டு முகங்கள் மூடிய நூல்களாய் இருந்துவிட்டன. அம்மகனின் சாவுத் துயரம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

அவரை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. வாடிக்கையாளரின் கண்ணசைவைக் கொண்டே விலை சொல்லத் தெரிந்த வணிகர், மேலதிகாரியின் நடையைக் கொண்டே அன்றைய மனநிலையை அறியும் ஊழியர், வாசலில் நிற்பவன் எதற்கு வந்திருக்கிறான் என்று பேசுமுன்பே கணித்துவிடும் பங்குக் குரு ஆகிய அனைவரும் நம்மிடையே உண்டு. அத்தகையோர் வீட்டில், மூடிய அறைக்குள் கைப்பேசியில் பணத்தை இழந்துகொண்டிருந்த மகனைப் பற்றிக் கடன்காரன் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்ட கதைகளும் உண்டு. திறமை ஆட்டம் என்று வாதிட்டவர்கள் மறந்த ஒன்று, அந்தச் சிறு திரையில் எதிராளிக்கு முகமே இல்லை என்பது.

கல்வாரியிலும் சூதுண்டு. இயேசுவின் அங்கிக்காகப் படைவீரர் சீட்டுப் போட்டதை நற்செய்தியாளர் நால்வரும் குறிக்கின்றனர். தலைக்குமேல் தொங்கிய முகத்தை அவர்கள் நிமிர்ந்து பார்த்ததாக, அந்த வேளையில், ஒருவரும் எழுதவில்லை.

1570-இல் பொலோஞ்ஞாவில் திருச்சபையின் விசாரணை மன்றத்தால் சிறைப்பட்டு விடுதலையான கர்தானோ, 1571-இல் உரோமைக்கு வந்தார். பிற்பாடு திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் அவருக்கு உதவித்தொகை அளித்தார். 1576-இல் அங்கேயே இறந்தார். அவர் வந்துசேர்ந்த அதே 1571-இல், உரோமையின் புனித யாக்கோபு மருத்துவமனைக்கு இருபத்தொரு வயது வாலிபர் ஒருவர் காலில் ஆறாப் புண்ணுடன் வந்தார். ஆறடிக்கும் மேற்பட்ட உயரம், முன்கோபி. பெயர் கமில்லஸ் தெ லெல்லிஸ். இருவரும் சந்தித்ததாக எக்குறிப்பும் இல்லை.

கமில்லஸ் படைத்தலைவர் ஒருவரின் மகன். பகடையும் சீட்டும் அவருக்குப் பாசறையின் தாய்ப்பால். மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டே பணியாளராகவும் அமர்த்தப்பட்டவர், சில மாதங்களிலேயே சூதுக்காகவும் சண்டைக்காகவும் வெளியேற்றப்பட்டார். மீண்டும் படை, மீண்டும் பகடை. 1574-இல் நேப்பிள்ஸ் நகரில் வாள், துப்பாக்கி, மேலங்கி எல்லாவற்றையும் தோற்று, உடுத்தியிருந்த சட்டையையும் தோற்றார். பிழைக்க வழியின்றி மன்பிரதோனியாவில் கப்புச்சின் துறவியர் எழுப்பிய கட்டடத்தில் கூலியாளாகச் சேர்ந்தார். அங்கே ஒரு துறவியின் அறிவுரை நெஞ்சில் தைக்க, 1575 பிப்ரவரி 2 அன்று வழியில் மண்டியிட்டு அழுது மனம் மாறினார். கப்புச்சின் சபையில் சேர விரும்பினார், கால்புண் தடையாயிற்று. புண்ணே அவரை மீண்டும் உரோமைக்கு, முன்பு துரத்தப்பட்ட அதே மருத்துவமனைக்கு இழுத்துவந்தது. இம்முறை அவர் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார்.

அக்கால மருத்துவமனைகளில் கூலிக்கு வந்தோரே பணிவிடை செய்தனர். எவன் சாவான், எவன் பிழைப்பான் என்று அவர்களும் முகம் பார்த்தார்கள். சாகிறவனிடம் நேரத்தை வீணாக்காமல் இருப்பதற்காக! கமில்லஸ் அந்த மருத்துவமனையின் மேற்பார்வையாளரானார். புனித பிலிப்பு நேரியைத் தம் ஆன்மத் தந்தையாகக் கொண்டார். முதிர்ந்த வயதில் சிறுவரோடு அமர்ந்து இலத்தீன் படித்து 1584-இல் குருவானார். நோயாளருக்குப் பணிபுரியும் தம் தோழர்களுக்கு அவர் எழுதிய விதிகளில், நோயுற்ற ஒரே பிள்ளையைத் தாய் கவனிப்பதுபோல் கவனிக்கும் அருளை இறைவனிடம் கேட்கச் சொல்கிறார். 1586-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அச்சபையை ஏற்று, கறுப்பு அங்கியில் சிவப்புச் சிலுவை அணிய இசைவு தந்தார்.

அவர் வகுத்த ஒழுங்குகளுள் ஒன்று நம்மை நெடுநேரம் நிறுத்துகிறது. இறந்துவிட்டதாகக் கருதி உயிருள்ளோரையே சிலவேளை புதைத்துவிடுகிறார்கள் என்பதைக் கமில்லஸ் கண்டறிந்தார். ஆகவே மூச்சு நின்றதாய்த் தோன்றிய பின்னும் கால்மணி நேரம் இறுதி மன்றாட்டைத் தொடர வேண்டும். முகத்தை உடனே மூடக்கூடாது என்று தம் சபையினருக்குக் கட்டளையிட்டார். சூதாடியும் முகத்தை இமைகொட்டாமல் பார்க்கிறான். எதிரியின் முகத்தில் தோல்வியின் முதல் அறிகுறியைத் தேடுகிறான். கண்டதும் பணத்தை இழுத்துக்கொள்கிறான். எல்லாரும் தோல்வி என்று முடிவுகட்டிய முகத்தில் உயிரின் கடைசி அறிகுறியைத் தேடியது கமில்லஸின் கண். இரண்டுக்கும் வேண்டிய பொறுமை ஒன்றுதான். எதிரில் இருப்பவனிடமிருந்து எடுக்க வேண்டியது ஏதும் இல்லாதபோது அப்பொறுமை எவ்வளவு தொலைவு பார்க்கிறது!

நோயில்பூசுதலுக்குச் செல்லும் குருக்களாகிய நமக்கு இது புரியும். பேச்சடங்கிய முதியவரின் கண்கள் கூட்டத்தில் ஒருவரைத் தேடுவதுண்டு. உறவினரோ வாயில் பாலூற்றுவதில் மும்முரமாய் இருப்பார்கள். யாரைத் தேடுகிறார் என்று கண்டு, பேசாதிருந்த அந்தத் தம்பியையோ மருமகளையோ கட்டிலருகே அழைத்துவிட்டால் அந்த முகம் தளர்வதைக் காணலாம். இதற்குப் பாடநூல் எதுவும் குருமடத்தில் இருந்ததில்லை.

கர்தானோவுக்குப் பொலோஞ்ஞாவில் பேராசிரியர் பதவி கிடைக்க உதவிய மிலான் பேராயர் புனித கார்லோ பொரோமேயோ, 1577-இல் ஆலயக் கட்டடக் கலை பற்றி வெளியிட்ட நெறிமுறைகளில், குருவுக்கும் பாவசங்கீர்த்தனம் செய்பவருக்கும் இடையே துளைகளிட்ட தடுப்பு வேண்டும் என்று விதித்தார். மனிதர் தம்மை முழுதாய்த் திறந்து காட்டும் அந்த இடத்தில் திருச்சபை முகத்தை மறைத்தது. குரல் மட்டும் போதும் என்றது. முகம் படிக்கும் கலைக்கும் ஒரு வாசற்படி உண்டு. அதற்கு அப்பால் ஒருவர் தாமே சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

கமில்லஸ் 1614 ஜூலை 14 அன்று உரோமையில் இறந்தார். பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1746-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1886-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் அவரை இறைவனின் புனித யோவானோடு சேர்த்து நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராக்கினார். கால்புண் கடைசிவரை ஆறவில்லை. நிற்க இயலாத அந்த இறுதி ஆண்டுகளிலும் இரவில் கட்டிலை விட்டிறங்கி, வரிசையாய்க் கிடந்த நோயாளிகளிடம் ஒவ்வொருவராக ஊர்ந்து சென்று, ஏதேனும் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.