இடுக்கியில் தேற்றம், பாலக்காட்டில் ஐயம்

ஓர் ஊர்ப்பெயர் எதனின்று பிறந்தது என்று தேடுவது சொல்லன்பர்க்கு இன்பம்; கண்டதை எவ்வளவு துணிந்து சொல்லலாம் என்று எடைபோடுவது அதனினும் இன்பம். இந்த எடைக்கு வேண்டிய படிக்கற்கள் தமிழில் மிகப் பழையவை. தொல்காப்பிய இடையியல் தேற்றத்துக்கு 'மன்ற' என்பதையும் ஐயத்துக்குக் 'கொல்' என்பதையும் வகுத்து வைத்தது. உரையாசிரியர்கள் துணிந்த இடத்தில் 'என்க' என்றார்கள். தயங்கிய இடத்தில் 'போலும்' என்றார்கள். தமக்கு உடன்பாடில்லாத கருத்தையும் தள்ளிவிடாமல் 'என்பாரும் உளர்' என்று திண்ணையில் ஓர் இடம் கொடுத்தார்கள். அப்படிக்கற்களோடு கேரள எல்லையின் இரு பெயர்களை நிறுத்துப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில் இடுக்கி. ஒடுங்கு ஒடுக்கு என்றும், முடங்கு முடக்கு என்றும் மெல்லினம் வல்லினமாக இறுகும்போது தன்வினை பிறவினையாவதுபோல, இடுங்கு என்பது இடுக்கு என்று இறுகும். இடுங்கிய கண்ணும், சுவரிடுக்கும், கொல்லர் பட்டறையில் காய்ந்த இரும்பைப் பற்றும் இடுக்கியும் ஒரே வேரில் கிளைத்தவை. மலையாளத்திலும் இடுக்கு என்றால் நெருங்கிய வழிதான். குறவன் மலையும் குறத்தி மலையும் பெரியாற்றை இருபுறமும் நெருக்கும் அந்த இடுக்கில்தான் வளைவு அணை எழுந்தது; 1972இல் பிறந்த மாவட்டமும் அப்பெயரையே பூண்டது. ஒலி, பொருள், நிலம் மூன்றும் ஒத்துப் பேசுவதால் வேர் இடுக்கு என்பதை 'மன்ற' என்றே சொல்லிவிடலாம். ஈற்று இகரம் மட்டும் ஆற்றைப் பற்றிய கருவி என்னும் உருவகத்தால் வந்ததோ, வெறும் இடப்பெயர் ஈறோ என்று கேட்டால், அங்கே 'கொல்' தேவைப்படுகிறது.

பாலக்காடு அவ்வளவு எளிதில் பிடி கொடுப்பதில்லை. மலை, தலை, சோலை என்னும் ஐகார ஈற்றுச் சொற்கள் மலையாளத்தில் மல, தல, சோல என்று அகரமாய் இளைக்கும். உடும்பன்சோலையை அங்கே உடும்பன்சோல என்பதைக் காதாரக் கேட்கலாம். அந்த நெறிப்படி பாலைக்காடு பாலக்காடாவது ஒலியளவில் தடையற்றது. பொருளுக்கு வரும்போதுதான் வழி இரண்டாகப் பிரிகிறது: பாலை மரமா, பாலை நிலமா? ஒலி இரண்டுக்கும் ஒன்றே என்பதால் ஒலிநெறி இங்கே தீர்ப்புச் சொல்லாது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வறட்சியும் கணவாய் வழி வீசும் வெங்காற்றும் நிலத்துக்குச் சான்று சொல்ல வந்தாலும், கேரளத்தின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த மண் அதை மறுத்து நிற்கிறது. காடு என்னும் சொல்லோ பனங்காடு, மூங்கிற்காடு என மரப்பெயரோடு கூடுவதில் விருப்பமுள்ளது. ஆகவே மரம் 'போலும்'.

சயினிமேட்டில் சமணக் கோயில் இருப்பதைக் காட்டி, பாலி மொழியிலிருந்து பாலிக்காடு, பின் பாலக்காடு 'என்பாரும் உளர்'. ஐகாரம் அகரமானதற்கு மலையாளம் நெடுக இனமொழிச் சான்றுகள் கிடக்க, இங்கே மட்டும் இகரம் அகரமானது ஏன் என்று அவர்கள் காட்டியாக வேண்டும். சமணர் மறைநூல்களின் மொழி பாலியன்று, அர்த்தமாகதி என்பதற்கும் விடை சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் எழுதிய பால்காட் என்னும் வடிவம் 'காடு' என்பதை மலைவழி குறிக்கும் 'காட்' என்னும் வடசொல்லாகக் கேட்ட மயக்கம் போலும்.

1961இல் வெளிவந்த பரோ, எமனோ ஆகியோரின் திராவிட வேர்ச்சொல் அகராதி ஐயமான இனச்சொல்லின் முன் ஒரு கேள்விக்குறியிட்டு மேலே செல்லும். நம் 'போலும்' அதே வேலையைச் செய்கிறது. மேலும், ஐயம் எப்பக்கம் சாய்கிறது என்பதையும் காட்டுகிறது. அளவு சொல்லும் இடத்திலும் தமிழ் இப்படித்தான்; 'ஏறத்தாழ' என்னும் சொல்லைப் பாருங்கள்: ஏறவும் தாழவும் இடம் விட்டே அளவு சொல்கிறது.

ஆகவே என் முடிபு இது: ஐகாரம் அகரமாகும் என்பது மன்ற, பாலக்காட்டின் பாலை மரமே போலும், பாலி என்பாரும் உளர். புதியதொரு கல்வெட்டுக் கிடைக்கும் நாளில் இம்மூன்றனுள் எது இடம் மாறினாலும், மற்றவை குலையாமல் நிற்கும்.