பெட்டிக்கும் திரைக்கும் இடையே ஒரு கம்பி

நண்பர் ஒருவர் புதுவீடு கட்டினார். கூடத்தின் ஒரு மூலையில் செட்டாப் பெட்டி, எதிர்ச்சுவரில் தொலைக்காட்சி. இரண்டையும் இணைக்க 15 மீட்டர் நீளமுள்ள எச்.டி.எம்.ஐ. கம்பியைச் சுவருக்குள் புதைத்துப் பூச்சும் முடித்துவிட்டார். திரையில் வெண்புள்ளிகள் மினுமினுத்தன; இடையிடையே படம் மறைந்தது. அதே பெட்டியைத் திரைக்கு அருகில் வைத்து 2 மீட்டர் கம்பியால் இணைத்தபோது படம் பளிச்சென்று தெரிந்தது. "கம்பி அறுந்துவிட்டதா?" என்று கேட்டார். அறவில்லை. நீளந்தான் குற்றவாளி. இக்குற்றவாளியை மனிதன் முன்னரே சந்தித்திருக்கிறான்; வீட்டிலன்று, அட்லாண்டிக் பெருங்கடலில்!

கடலடியில் ஒரு பாடம்

1858 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே தந்திக் கம்பி இடப்பட்டது. விக்டோரியா அரசியார் அனுப்பிய 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி அக்கரை சேரச் சுமார் 16 மணி நேரம் பிடித்தது. காரணம் என்ன?

நடுவே செம்பு, அதைச் சுற்றிக் காப்புப் பொருள், வெளியே கடல்நீர். இந்த அமைப்பு ஒரு நீண்ட மின்தேக்கி அன்றோ? ஒவ்வொரு குறியும் முதலில் அதை நிரப்ப வேண்டும். பின்னர் அது வடிய வேண்டும். கூர்மையாக அனுப்பிய குறி மறுமுனையில் மழுங்கி, அடுத்த குறியோடு கலந்துவிடும். கம்பியின் நீளம் இரு மடங்கானால் இத்தாமதம் நான்கு மடங்காகும் என்று வில்லியம் தாம்சன் முன்னரே கணக்கிட்டிருந்தார். இவரே பின்னாளில் கெல்வின் பிரபு ஆனார். ஆனால் அந்நிறுவனத்தின் மின்பொறியாளரான ஒயிட்ஹவுஸ் அக்கணக்கை ஏற்கவில்லை. சுமார் 2,000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். ஏற்கெனவே நலிந்திருந்த காப்பு மேலும் கெட்டது. சில வாரங்களில் கம்பி ஊமையாயிற்று.

1866இல் இட்ட கம்பி வெற்றி பெற்றது. முன்பு ஒரு கடல் மைலுக்கு 107 பவுண்டாக இருந்த செம்பு, இப்போது 300 பவுண்டு ஆக்கப்பட்டது. காப்பும் தடித்தது. வலிந்து தள்ளுவதால் பயனில்லை, வழியைச் சீராக்க வேண்டும் என்பதே கடல் கற்பித்த பாடம்.

இரு வழிகள்

வழியைச் சீராக்கும் முயற்சிகள் தொடர்ந்தன. 1880இல் ஆலிவர் ஹெவிசைடு, ஒரு கடத்தியைக் குழாய் போன்ற மற்றொன்றின் நடுவே வைக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இதுவே ஓரச்சுக் கம்பி. அமெரிக்காவில் எஸ்பென்ஷீடு, அஃபெல் ஆகிய இருவரும் 1929இல் இதனை உயர் அதிர்வெண் அலைகளுக்கு ஏற்ப வகுத்தனர். நம் வீட்டுக் கூரையிலுள்ள டிஷ் ஆண்டெனாவிலிருந்து இறங்கும் கம்பி இதன் வழித்தோன்றலே.

மற்றொரு வழியை 1881இல் காட்டியவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். இரு கம்பிகளை முறுக்கிவிட்டால், வெளியிலிருந்து வரும் இடையூறு இரண்டிலும் ஏறக்குறைய சமமாகவே விழும். மறுமுனையில் இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இடையூறு நீங்கிவிடும். 2002 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.ஐ. முறையிலும் கம்பியினுள்ளே இத்தகைய முறுக்கிய இணைகள் உள்ளன.

கணக்கிட்டுப் பாருங்கள்

படத்தில் 1920 × 1080 புள்ளிகள். அவை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. இதற்கு ஒவ்வோர் இணையிலும் நொடிக்கு 148.5 கோடி குறிகள் செல்ல வேண்டும். கம்பியில் குறியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் எனக் கொண்டால், ஒரு குறியின் நீளம் ஏறத்தாழ 14 செ.மீ. நண்பரின் 15 மீட்டர் கம்பிக்குள் எந்நேரமும் நூறு குறிகளுக்கு மேல் வரிசையில் ஓடுகின்றன!

இவ்வளவு விரைவாக மாறும் மின்னோட்டம் செம்பின் உட்பகுதிக்குள் புகாது. மேற்பரப்பில் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு ஆழத்திலேயே ஓடும். ஆகவே மின்தடை கூடுகிறது. காப்புப் பொருளும் ஆற்றலை விழுங்குகிறது. காரணம் கடற்கம்பியினின்று சற்றே வேறு, விளைவு ஒன்றே. குறி மழுங்குகிறது. 1 எது, 0 எது என்று திரை தடுமாறும் இடங்களே அவ்வெண்புள்ளிகள்.

ஒளி தந்த விடை

1966இல் சார்லஸ் காவ், ஹாக்கம் இருவரும் தூய கண்ணாடி இழை வழியே நெடுந்தொலைவுக்கு ஒளியால் செய்தி அனுப்பலாம் எனக் காட்டினர். இதற்காக 2009இல் காவ் நோபல் பரிசு பெற்றார். இன்று கடைகளில் கிடைக்கும் ஒளியிழை எச்.டி.எம்.ஐ. கம்பியின் ஒரு முனை மின்குறியை ஒளியாக்குகிறது. மறுமுனை அதை மீண்டும் மின்குறியாக்குகிறது. ஆதலால் பெட்டிக்குரிய முனையைப் பெட்டியிலும், திரைக்குரிய முனையைத் திரையிலுமே செருக வேண்டும்.

நண்பர் சுவரை உடைத்து அத்தகைய கம்பியையே இட்டார். இம்முறை அகன்ற குழாய் ஒன்றைப் புதைத்து, அதனுள் கம்பியைச் செலுத்தி, படம் பார்த்த பிறகே பூச்சு வேலையைத் தொடங்கினார். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். நாளை கம்பி மாறும். குழாய் இருந்தால் சுவர் தப்பும்.