பயணிகளாக, மாலுமிகளாக, சாட்சிகளாக: குடும்பக் கடலோட்டத்தின் 150 ஆண்டுகள்

1876 ஜூலையில் தாமஸ் பிராசி என்ற ஆங்கிலேயச் செல்வந்தர் மனைவி அன்னாவோடும் நான்கு குழந்தைகளோடும் ‘சன்பீம்’ என்ற தம் சொந்தக் கப்பலில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். அதில் மூன்று பாய்மரங்கள் இருந்தன. காற்று விழுந்தால் ஓடுவதற்கு நீராவி இயந்திரமும் இருந்தது. தென் அமெரிக்கா, டஹீட்டி, ஜப்பான், இலங்கை எனச் சுற்றி, 1877 மே மாதம் ஊர் திரும்பினார்கள். மறு ஆண்டு அன்னா வெளியிட்ட பயண நூல், குடும்பமாகக் கடலோடலாம் என்ற ஆசையைப் பொது வாசகரிடம் விதைத்தது. பிராசி தாமே கப்பலைச் செலுத்தத் தேர்ச்சி பெற்றவர்தான். ஆனாலும் கப்பலில் இருந்த நாற்பதுக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வந்த மாலுமிகளும் பணியாளர்களும். பாய் ஏற்றியதும் சமைத்ததும் அவர்களே. குடும்பம் பயணம் செய்தது. உழைப்பு வேறு கைகளில் இருந்தது.

படகில் உழைத்தவர் யார் என்ற இந்தக் கேள்வியை முன்வைத்தே குடும்பக் கடலோட்டத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் படிக்கும்போது, தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் என்று புகழப்படும் ஜோஷுவா ஸ்லோக்கம் வேறொரு முகம் காட்டுகிறார். சரக்குக் கப்பல் தலைவரான அவருடைய முதல் மனைவி வர்ஜீனியா கணவரோடு கப்பலிலேயே வாழ்ந்தார். அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தார். 1884இல் புவெனஸ் ஐரிஸில் இறந்தார். 1887 இறுதியில் ஸ்லோக்கத்தின் ‘அக்விட்நெக்’ பிரேசில் கரையில் தரைதட்டி உடைந்தது. இரண்டாம் மனைவி ஹெட்டி, 16 வயது விக்டர், 7 வயது கார்ஃபீல்டு ஆகியோருடன் அந்நிய மண்ணில் நின்ற அவர், 35 அடி நீளப் படகொன்றைக் கட்டினார். அதற்குப் பாய்களைத் தைத்தவர் ஹெட்டி. பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்த 1888 மே 13 அன்று படகு நீரில் இறங்கியதால் அதற்கு விடுதலை என்று பொருள்படும் ‘லிபர்தாதே’ என்ற பெயர் வைத்தார்கள். சுமார் 5,500 மைல் ஓடி, ஆண்டு முடிவில் அது வாஷிங்டன் சேர்ந்தது. கூலியாள் ஒருவர்கூட இல்லாமல் தாய், தந்தை, பிள்ளைகள் மட்டுமே ஓட்டிய நெடும்பயணம் இது. ஸ்லோக்கம் 1895 முதல் 1898 வரை தனியே செய்த உலகப் பயணத்தின் ஒளியில் இது மங்கிப்போனது எனக்கு வருத்தமே.

அதற்குப் பிறகும் வசதி படைத்தவர்களின் கடலோட்டம் பழைய வழியிலும் தொடர்ந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். 1938இல் அதை மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகம்வரை ஓட்டிச் சென்றவர்கள் வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள். அமெரிக்கக் கடலோட்ட வரலாற்றில் அவர்கள் ஓர் அடிக்குறிப்புக்கு மேல் இடம்பெறத் தகுதியானவர்கள்.

சாதாரண வருவாயினருக்கு வழி திறந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே. எரிக், சூசன் ஹிஸ்காக் தம்பதியர் 1952 முதல் 1955 வரை 30 அடிப் படகில் உலகைச் சுற்றினார்கள். அவர்களுடைய நூல்கள் பலருக்குப் பாடப்புத்தகம் ஆயின. ஆனால் அவர்களோடு குழந்தைகள் இல்லை. நடுக்கடலில் சுக்கானை இரவும் பகலும் யாராவது பிடித்தே ஆகவேண்டும். பெரியவர்கள் இருவர் மட்டும் என்றால் ஆளுக்கு 12 மணி நேரம். பிறகு பிள்ளைகளைப் பார்ப்பது யார்? காற்றின் திசையைக் கொண்டே சுக்கானைத் திருப்பும் தகட்டுப் பொறி இந்தச் சிக்கலை அவிழ்த்தது. 1960இல் நடந்த தனியாள் அட்லாண்டிக் போட்டியில் பிளாண்டி ஹாஸ்லர் தம் பொறியைக் கொண்டு கடலைக் கடந்த பிறகு அது பரவலாயிற்று. அதே காலத்தில் அச்சில் வார்த்த ஃபைபர்கிளாஸ் படகுகள் விலையைக் குறைத்தன. பள்ளிக்கு என்ன செய்வது என்ற கவலைக்கு, பால்டிமோரின் கால்வர்ட் பள்ளி 1906 முதல் நடத்திவந்த அஞ்சல்வழிக் கல்வி ஏற்கெனவே விடையாக இருந்தது. இவற்றில் முதன்மையானது அந்தப் பொறிதான் என்பேன். பெற்றோரின் கையைச் சுக்கானிலிருந்து விடுவித்தது அதுவே.

இந்த அலையில் புறப்பட்டவர்கள் டூகல் ராபர்ட்சன் குடும்பத்தார். பண்ணையை விற்று ‘லூசெட்’ என்ற பழைய மரப் பாய்க்கப்பலை வாங்கி, 1971 ஜனவரியில் இங்கிலாந்தை விட்டார்கள். 1972 ஜூன் 15 அன்று, கலாபகஸ் தீவுகளுக்கு மேற்கே ஓர்க்கா திமிங்கிலங்கள் மோதியதில் கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. டூகல், மனைவி லின், மூத்த மகன் டக்ளஸ், இளைய இரட்டையர் நீல், சாண்டி, வழியில் சேர்ந்த ஒரு மாணவர் என ஆறு பேர். காற்றடைத்த மிதவை 17 நாளில் உதவாமல் போக, ‘எட்னமேர்’ என்ற சிறு துடுப்புப் படகில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மழை கிடைக்கும் என்று வடக்கு நோக்கிப் பாய் விரித்தார்கள். ஆமையைப் பிடித்து இறைச்சியைக் காயவைத்தார்கள். அதன் இரத்தத்தைக் குடித்தார்கள். செவிலியான லின், குடிக்கத் தகாத அழுக்கு மழைநீரைக் குழாய் வழியே குடலில் ஏற்றி உடல் வறண்டுபோகாமல் காத்தார். 38ஆம் நாள் ஜப்பானிய மீன்பிடிக் கப்பலொன்று அவர்களை மீட்டது. 1973இல் டூகல் நூல் எழுதினார். ஆனால் அந்த 38 நாளும் தந்தையின் திறமைக்கு நிகராகத் தாயின் மருத்துவ அறிவும் பிள்ளைகளின் உழைப்பும் சேர்ந்தே உயிர் காத்தன.

அடுத்த கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1975இல் குழந்தைகளோடு புறப்பட்டு ஆறாண்டு கடலில் வாழ்ந்த ஜிம்மி கார்னெல், 1986இல் 200க்கு மேற்பட்ட படகுகள் கூட்டாக அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணத்தைத் தொடங்கினார். 1995இல் ஜிபிஎஸ் முழுமையாகச் செயல்படத் தொடங்கியதும், செக்ஸ்டன்ட் கொண்டு சூரியனை அளந்து இடம் அறிந்த காலம் முடிவுக்கு வந்தது.

இதற்குள் பிள்ளைகள் வளர்ந்து தாங்களே பேசத் தொடங்கினார்கள். டக்ளஸ் ராபர்ட்சன் 2005இல் லூசெட்டின் கதையைத் தம் பார்வையில் எழுதினார். பெற்றோரின் கடற்பயணத்தின்போது நியூசிலாந்தில் பிறந்த லாரா டெக்கர், 2009இல் தனியே உலகைச் சுற்ற விரும்பியபோது, சிறுமியின் நலன் கருதி நெதர்லாந்து நீதிமன்றம் குறுக்கிட்டது; பின்னர் அனுமதி பெற்ற அவர் 2012இல் 16 வயதில் பயணத்தை முடித்தார். சூசன் ஹேவுட்டின் 2023ஆம் ஆண்டு நூல்தான் எல்லாவற்றிலும் கடுமையானது. கேப்டன் குக்கின் வழியைப் பின்பற்ற விரும்பிய தந்தையோடு 1976இல் ஏழு வயதில் ‘வேவ்வாக்கர்’ கப்பலில் ஏறினார். மூன்றாண்டு என்று திட்டமிட்ட பயணம் சுமார் பத்தாண்டு நீண்டது. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் பேரலை மோதி அவர் மண்டை உடைந்தது. ஆம்ஸ்டர்டாம் தீவில் மயக்கமருந்து இல்லாமலே தலையில் அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. பள்ளிக்குப் போக ஏங்கிய அவர், பதின்வயதில் நியூசிலாந்தில் தம்பியோடு தனித்து விடப்பட்டு, அஞ்சல்வழியே படித்து ஆக்ஸ்போர்டில் இடம் பெற்றார். தந்தையர் எழுதிய நூல்களில் இல்லாத ஒன்று இந்த நூலில் இருக்கிறது: போகலாமா என்று தன்னிடம் யாரும் கேட்காத ஒரு குழந்தையின் பத்தாண்டுகள்.