வாசலில் நின்ற மகன்

எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தில் உபாகமம் 21-ஆம் அதிகாரம் வாசித்த இரவு, கூட்டம் கலைந்த பிறகும் ஓர் அம்மா எழுந்திருக்கவில்லை. வேதாகமம் மடியில் விரித்தபடியே இருந்தது. "டீச்சர், எம்மவன் தெனமும் குடிச்சிட்டுத்தான் வாரான். அவனக் கல்லால அடிச்சுக் கொல்லணும்னா இதுல போட்டிருக்கு?" என்று கேட்டார். முப்பது வருடம் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்று எனக்குப் பதில் வரவில்லை. அதன்பின் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டம் இதுதான்: தாய் தகப்பன் சொல் கேளாமல், தண்டித்தும் திருந்தாத மகனை அவர்கள் இருவரும் பிடித்து, ஊர் வாசலில் இருக்கும் மூப்பரிடம் கொண்டுபோய், இவன் பெருந்தீனிக்காரன், குடிகாரன் என்று முறையிட வேண்டும். ஊரார் அவனைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும். இதைப் பூசி மெழுக நான் வரவில்லை. கொலைத் தண்டனை கொலைத் தண்டனைதான். ஆனால் அது எந்தக் காலத்துச் சட்டம் என்று தெரியாமல் அதன் எடை நமக்குத் தெரியாது.

பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டங்கள் ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு கருங்கல்லில் வெட்டப்பட்டவை. மோசேயின் காலத்துக்கும் முந்தையவை. 1901-இல் சூசா நகரில் தோண்டியெடுத்த அந்தக் கல் இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தகப்பனை அடித்த மகனின் கையை வெட்டச் சொல்கிறது அது. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் மகன் செத்தால், கட்டியவன் மகனைக் கொல்லச் சொல்கிறது. உபாகமமோ, தகப்பனுக்காகப் பிள்ளையையும் பிள்ளைக்காகத் தகப்பனையும் கொல்லக்கூடாது என்று 24-ஆம் அதிகாரத்தில் தடுக்கிறது. பிற்கால ரோமாபுரியில்கூடப் பிள்ளையின் உயிர் சட்டப்படி தகப்பன் கையில் இருந்தது. இஸ்ரவேலில் மகன் எவ்வளவு கெட்டவனானாலும் தகப்பன் வீட்டுக்குள் வைத்து அவனைக் கொல்ல முடியாது. வாசலுக்கு வரவேண்டும்.

வாசல் என்றால் வெறும் நுழைவாயில் அல்ல. வட இஸ்ரவேலில் தாண் மேட்டை அகழ்ந்தபோது, நகர வாசலின் சுவரோரம் நீளமான கல் திண்ணை ஒன்று வெளிப்பட்டது. மூப்பர் உட்கார்ந்து வழக்குக் கேட்டது இப்படிப்பட்ட திண்ணைகளில்தான். ரூத்தின் காரியத்தைப் பேசி முடிக்க போவாஸ் பத்து மூப்பரை உட்கார வைத்ததும் பெத்லெகேமின் வாசலில்தான். அந்தத் திண்ணைக்கு முன்னால் தாயும் வந்து நின்று சொன்னால்தான் வழக்கே உண்டு. தகப்பனின் ஒருநாள் கோபம் போதாது. பெற்றவள் வாயால் அதைச் சொல்ல வேண்டும். எந்தத் தாய் சொல்வாள்?

யூத ரபீக்கள் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற அவர்களுடைய சட்டத் தொகுப்பில், பெற்றோரில் ஒருவர் சம்மதிக்காவிட்டால் வழக்கு இல்லை. ஒருவர் முடவர், குருடர், செவிடர், ஊமை என்றாலும் இல்லை. தின்ற இறைச்சிக்கும் குடித்த மதுவுக்கும்கூட அளவு வைத்தார்கள். பிறகு வந்த விளக்க நூலான தல்மூத், அப்படியொரு மகன் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை என்று பதிவு செய்கிறது. அவன் கல்லறைமேல் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று மறுத்த ஒரு ரபீயின் வார்த்தையும் அதிலேயே இருக்கிறது. வேதாகமத்தில் இந்தச் சட்டப்படி ஒரு மகன் கொல்லப்பட்ட சம்பவம் ஒன்றுகூட இல்லை.

அதற்காக வாசலில் எப்போதும் நீதி நடந்தது என்று சொல்ல மாட்டேன். நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்காக இரண்டு பொய்ச்சாட்சிகளை வைத்து, மூப்பரைக்கொண்டே அவனைக் கல்லெறிந்து கொன்றாள் ராணி யேசபேல். சட்டம் நல்லவர் கையிலும் இருந்தது, கெட்டவர் கையிலும் இருந்தது.

இந்தக் கடுமையைப் பார்த்துப் பழைய ஏற்பாட்டையே தள்ளிவிடலாம் என்றார் இரண்டாம் நூற்றாண்டின் மார்கியோன். ரோம் சபை அவரை விலக்கியது. அவர் கொடுத்த பெருந்தொகையையும் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று பழைய சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதியிருக்கிறார். சபை செய்தது சரி. ஏனென்றால் உபாகமம் 21-ஆம் அதிகாரம், மகனைக் கல்லெறியச் சொல்லும் 21-ஆம் வசனத்தோடு முடியவில்லை. அடுத்த இரண்டு வசனங்கள் மரத்தில் தூக்கப்பட்டவனைப் பற்றியவை: அவன் சபிக்கப்பட்டவன், இரவுக்கு முன் அவனை அடக்கம் செய்ய வேண்டும். பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது இந்த வசனத்தைத்தான் எடுத்துக் கிறிஸ்துவின் சிலுவையோடு சேர்க்கிறார். போஜனப்பிரியன், மதுபானப்பிரியன் என்று இயேசுவைத்தான் ஊர் தூற்றியது. அடங்காத பிள்ளைமேல் சொல்லவேண்டிய குற்றச்சாட்டு கீழ்ப்படிந்த குமாரன்மேல் விழுந்தது. நகர வாசலுக்கு வெளியே அவர் மரத்தில் தூக்கப்பட்டார். அவர் சொன்ன உவமையிலோ, சொத்தையெல்லாம் அழித்துவிட்டு வந்த இளைய மகனைத் தகப்பன் மூப்பரிடம் கொண்டுபோகவில்லை. தூரத்தில் கண்டதும் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

அந்த அம்மாவிடம் அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: உங்கள் மகன்மேல் யாரும் கல்லெடுக்க வேண்டாம். அந்தத் தண்டனையை ஒருவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். 21-ஆம் வசனத்தோடு வேதத்தை மூடிவிடாதீர்கள், அம்மா. இன்னும் இரண்டு வசனம் வாசியுங்கள். அவன் வரும்வரை வீட்டு வாசலில் விளக்கு எரியட்டும்.