தொண்டை உருண்டை: ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

விழுங்குவதில் தடை இருக்காது, வலியும் இருக்காது. ஆனாலும் தொண்டைக்குள் ஓர் உருண்டை நிற்பது போலவே இருக்கும். எச்சிலை விழுங்க விழுங்க அது கூடும். சாப்பிடும்போது பெரும்பாலும் மறைந்துவிடும். பரிசோதித்தால் கட்டி எதுவும் தென்படாது. துக்கத்தில் தொண்டை அடைப்பதை நாம் எல்லோரும் அறிவோம். அது போன்ற உணர்வு சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கிறது.

பெண்களுக்கு வரும் மூச்சடைப்புக்குக் கருப்பை இடம்பெயர்ந்து மேலே ஏறுவதே காரணம் என்று பண்டைய கிரேக்க மருத்துவ நூல்கள் கூறின. கருப்பைக்குக் கிரேக்கச் சொல் 'ஹிஸ்டெரா'. 'ஹிஸ்டீரியா' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. கருப்பை அப்படி அலைவதில்லை என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர் சொரானஸ் மறுத்தார். ஆனாலும் பழைய கருத்து மறையவில்லை.

1602இல் லண்டனில் இது நீதிமன்றம் வரை சென்றது. மேரி குளோவர் என்ற சிறுமிக்குத் தொண்டை அடைத்து, வலிப்பும் வந்தது. எலிசபெத் ஜாக்சன் என்ற மூதாட்டி சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. இது இயற்கையான நோய்தான் என்று மருத்துவர் எட்வர்ட் ஜோர்டன் சாட்சி சொன்னார். நீதிபதி ஏற்கவில்லை, மூதாட்டிக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. மறு ஆண்டு ஜோர்டன் இந்நோய் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். கருப்பைக் கோட்பாட்டை அவர் கைவிடவில்லை. ஆனால் மனக்கலக்கமும் இந்நோய்க்குக் காரணமாகலாம் என்றார். சூனியம் என்பதிலிருந்து நோய் என்பதற்கு வந்ததே அக்காலத்தில் பெரிய அடிதான்.

சில ஆண்டுகளுக்குப் பின் வந்த ஷேக்ஸ்பியரின் நாடகத்தில், லியர் மன்னன் தன் நெஞ்சில் ஏறிவரும் துயரத்தை இந்நோயின் பெயராலேயே அழைக்கிறான். கருப்பை இல்லாத ஆண்மகன்!

1707இல் ஜான் பர்செல் என்ற ஆங்கில மருத்துவர், கழுத்துத் தசைகள் இறுகிக் குரல்வளைக் குருத்தெலும்பை அழுத்துவதால் இந்த உணர்வு வருகிறது என்று விளக்கினார். இன்றைக்கும் நகைப்புக்கிடமில்லாத விளக்கம் அது. ஆனால் 'குளோபஸ் ஹிஸ்டெரிகஸ்', அதாவது 'ஹிஸ்டீரியா உருண்டை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 'எல்லாம் உன் கற்பனை' என்ற ஏளனம் அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது என்பேன்.

1968இல் மால்கம்சன் என்ற மருத்துவர், இந்த நோயாளிகளில் பலரிடம் ஹிஸ்டீரியாவுக்குரிய இயல்பே இல்லை என்று காட்டி, 'குளோபஸ் ஃபாரின்ஜியஸ்' என்ற பெயரை முன்வைத்தார். 'தொண்டை உருண்டை' என்பதே அதன் பொருள். இரைப்பை அமிலம் மேலெழுவது, தசை இறுக்கம், பதற்றம், மனச்சோர்வு ஆகிய பலவும் இன்று இதனுடன் தொடர்புபடுத்தப்படுகின்றன. மனக்கவலை மிகும்போது உருண்டையும் பெரிதாவதாகப் பலர் சொல்கிறார்கள். ஆனால் உணர்வு பொய்யல்ல. உணவு சிக்கினாலோ, வலித்தாலோ, உடல் மெலிந்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். உடனே பரிசோதிக்க வேண்டும். 2016இல் வெளியான நான்காம் ரோம் வரையறை, இதை உணவுக்குழாயின் செயல்பாட்டுக் கோளாறுகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது.