பொட்டி மாத்தின கதை: பாகலூர் ரோடு டு அகமதாபாத்

மக்களே, ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா நம்பவா போறீங்க? ஆனா இந்தத் தடவை பிடுங்கினது ஆபீஸ் ஆணி இல்ல, மாமா வீட்டு ஆணி.

பாகலூர் ரோட்டுல எங்க மாமா ஒரு சின்ன பட்டறை வெச்சிருக்கார். ஆறு சிஎன்சி மெஷின், நாலு பழைய லேத். ஓசூர்ல இருக்கிற பெரிய வண்டிக் கம்பெனிகளுக்குப் பாகம் செஞ்சு கொடுக்கிற கம்பெனிகளுக்குப் பாகம் செஞ்சு கொடுக்கிற இடம். (ரெண்டு தடவை படிச்சா புரியும்.) ஒரு ராத்திரி போன். "மாப்ள, நீ கம்ப்யூட்டர்லதான இருக்க? இந்த நெட்டு பொட்டிக்கு வயசாயிடுச்சாம், இனிமே அப்டேட் வராதாம், மாத்தணுமாம். ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போ." நான் எழுதறது ஜாவா. ஃபயர்வால் என் வேலை இல்லன்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்லி ஜெயிச்சவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க.

போய்ப் பார்த்தா, பீரோ மேல, சாமி படத்துக்குப் பக்கத்துல, அரை இஞ்ச் தூசியோட உட்கார்ந்திருந்தது ஒரு சைபரோம். பேரைப் பார்த்ததும் எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுடுச்சு. எங்க காலேஜ் ஹாஸ்டல்ல பிரவுசரைத் தொறந்தா முதல்ல வர்றது சைபரோம் லாகின் பக்கம்தான். நாலு வருஷம் அந்தப் பக்கத்தைத் திட்டியிருக்கோம். ஆனா அது எங்கேர்ந்து வந்ததுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. ஏதோ அமெரிக்கா சமாச்சாரம்னு நினைச்சிருந்தேன். அகமதாபாத் சரக்குங்க அது!

அந்தக் கதைக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பழசு. 1988 நவம்பர் 2-ம் தேதி மோரிஸ் புழு கிளம்பி, அன்னிக்கு இருந்த குட்டி இண்டர்நெட்ல ஆயிரக்கணக்கான மெஷின்களைப் படுக்க வெச்சது. அதுவரைக்கும் நெட்வொர்க்னா தெரிஞ்சவன் வீட்டுக்குத் தெரிஞ்சவன் போற மாதிரிதான். அதுக்கப்புறம்தான் வாசல்ல ஒருத்தன் நிக்கணும்ங்கிற எண்ணம் கெட்டியாச்சு. முதல்ல வந்ததெல்லாம் வெறும் பாக்கெட் வடிகட்டி. எங்கேர்ந்து வருது, எங்கே போகுது, எந்த போர்ட், அவ்வளவுதான் பார்க்கும்.

ஓசூர்க்காரனுக்கு இது சுலபமா புரியும். 2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்னாடி ஜூஜூவாடி வணிகவரிச் சோதனைச் சாவடியில லாரி நின்ன வரிசையை நினைச்சுக்கோங்க. சாவடிக்காரருக்கு டிரைவர் நல்லவனா கெட்டவனா தெரியாது. பில்லுல என்ன எழுதியிருக்கோ அதுதான் கணக்கு. காலையில இந்தப் பக்கம் போன லாரிதான் சாயங்காலம் திரும்பி வருதுன்னு ஞாபகம் வெச்சுக்கிட்டா எவ்வளவு வேலை மிச்சம்? அந்த ஞாபகத்தைத்தான் 1994-ல ஃபயர்வால்-1ங்கிற மென்பொருள் கொண்டு வந்தது. உள்ளேயிருந்து யாரு கேட்டுப் போனாங்கன்னு ஒரு பட்டியல் வெச்சிருக்கும். அதுக்குப் பதிலா வர்றதை மட்டும் உள்ளே விடும். செஞ்ச இஸ்ரேல் கம்பெனியோட பேரே செக் பாயிண்ட். அப்படியே தமிழ்ப்படுத்தினா சோதனைச் சாவடி :-)

அதே சமயத்துலதான் பிக்ஸ்னு ஒரு பொட்டியும் வந்தது. ஆபீஸ்ல நூறு எக்ஸ்டென்ஷனுக்கு வெளியே நாலு லைன் மட்டும் வெச்சுக்கிற பிபிஎக்ஸ் மாதிரி, உள்ளே நூறு கம்ப்யூட்டர் இருந்தாலும் வெளியே ஒண்ணு ரெண்டு முகவரி போதும்ங்கிறது யோசனை. அந்தப் பேரும் பிபிஎக்ஸை ஒட்டி வெச்சதுதான். 1995-ல சிஸ்கோ அந்தக் கம்பெனியை வாங்கிச்சு. 2005-ல பிக்ஸுக்கு வாரிசா ஏஎஸ்ஏ வந்தது, 2008 ஜூலையோட பிக்ஸ் விற்பனை நின்னுச்சு. உலகம் முழுக்க ஆளாளுக்கு பிக்ஸ்ல இருந்த விதிகளை ஏஎஸ்ஏவுக்குத் தூக்கினாங்க. ஒரு வழியா தூக்கி முடிச்சு மூச்சு விடறதுக்குள்ள, 2010-ல ஏஎஸ்ஏவோட 8.3 பதிப்பு. அதுவரைக்கும் வெளியேர்ந்து வர்றதை அனுமதிக்க விதியில வெளி முகவரியை எழுதணும். 8.3-ல இருந்து சர்வரோட உண்மையான உள் முகவரியை எழுதணும். பழைய விதிகளை அப்கிரேடே தானா மாத்திக் கொடுக்கும். ஆனா அது மாத்தினது சரியான்னு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாப் பார்த்தது மனுஷங்கதான். சீனியர்கிட்ட "எய்ட் பாயிண்ட் த்ரீ"ன்னு சும்மா சொல்லிப் பாருங்க, முகம் மாறும்.

லினக்ஸ் பக்கமும் இதே கூத்துதான். 1990கள்ல ஐபிஎஃப்டபிள்யூஅட்மின், அப்புறம் ஐபிசெயின்ஸ், 2001 ஜனவரியில 2.4 கெர்னலோட ஐபிடேபிள்ஸ், 2014-ல என்எஃப்டேபிள்ஸ். ஒவ்வொரு தடவையும் மொழி மாறும், பழைய மொழியில எழுதினது ஓடறதுக்கு ஒரு ஒட்டு வேலையும் கூடவே வரும். அதனால யாரோ எப்பவோ எதுக்கோ எழுதின விதி, மூணு தலைமுறை தாண்டியும் பொட்டிக்குள்ளே உயிரோட இருக்கும். எழுதின ஆளு வேலையை விட்டுப் போயிருப்பார். காரணமும் அவரோட போயிருக்கும்.

சரி, அகமதாபாத்துக்கு வருவோம். எலைட்கோர்னு ஒரு கம்பெனி, 1999-ல ஆரம்பிச்சது. சைபரோம் அவங்க தயாரிப்பு. மத்த பொட்டியெல்லாம் ஐபி முகவரியை வெச்சு விதி போட்டப்ப, இவங்க ஆளை வெச்சுப் போட்டாங்க. லாகின் பண்ணு, நீ யாருன்னு தெரிஞ்சதும் உனக்கான விதி. நெட்வொர்க் பாடத்துல இருக்கிறது ஏழு அடுக்கு, மனுஷன் எட்டாவது அடுக்குன்னு விளம்பரம் பண்ணினாங்க. கேட்கிறதுக்கு காமெடியா இருக்கலாம். ஆனா மாமா பட்டறையில ஒரே கம்ப்யூட்டர்ல மூணு ஷிஃப்டுக்கு மூணு பேர் உட்கார்றாங்க. ஐபி ஒண்ணு, ஆளு மூணு. எங்க ஹாஸ்டலும் அப்படித்தான். நம்ம ஊர் நிலைமையைத் தெரிஞ்ச ஆளுங்க செஞ்ச பொருள் அதுங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நாலு வருஷம் திட்டினதுக்கு இப்ப ஒரு சாரி.

ஆனா அதே பொட்டியில ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. 2012-ல ஜோர்டான்ல ஒருத்தர் டார் தளத்துக்குப் போனப்ப, அந்தத் தளத்தோட சான்றிதழ் போலியா இருக்கிறதைப் பார்த்து டார் ஆளுங்ககிட்ட சொன்னார். அதை வழங்கியிருந்தது சைபரோம். இதுல திருட்டுத்தனம் எதுவும் இல்ல. பூட்டுப் போட்டு வர்ற எச்டிடிபிஎஸ் போக்குவரத்தைப் பிரிச்சுப் பார்க்கணும்னா, நடுவுல இருக்கிற பொட்டி தானே ஒரு சான்றிதழ் தயார் பண்ணித்தான் ஆகணும். ஆபீஸ்காரங்க தெரிஞ்சேதான் அதை வாங்கி வைக்கிறாங்க. பிரச்சினை என்னன்னா, எல்லாப் பொட்டியிலயும் ஒரே சான்றிதழ், ஒரே ரகசியச் சாவி! ஒரு பொட்டியில இருந்து சாவியை எடுத்தவன், அந்தச் சான்றிதழை நம்பற எந்த ஆபீஸ் ஆளோட போக்குவரத்தையும் பிரிச்சுப் படிக்கலாம். சாவியை வெளியே எடுக்கவே முடியாதுன்னு கம்பெனி சொல்லிச்சு. சில நாள்லயே யாரோ எடுத்து நெட்ல போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு பொட்டியும் தனக்குன்னு தனிச் சாவி உருவாக்கிக்கிற மாதிரி அவசர அவசரமா அப்டேட் போச்சு. அந்த வேகத்தைப் பாராட்டலாம். முதல்லயே செஞ்சிருக்கணும்ங்கிறதும் நிஜம்.

2014 பிப்ரவரியில சைபரோமை இங்கிலாந்தோட சோபோஸ் வாங்கிச்சு. இதுக்கப்புறம் நடந்ததைப் படிச்சப்பதான் எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. 2018 டிசம்பர்ல, இந்தியாவுல சைபரோம் தலைமை ஆபீஸ்ல, உசரத்துல மாட்டியிருந்த ஒரு டிஸ்ப்ளேயை ஓட்டிக்கிட்டிருந்த சாதாரண கம்ப்யூட்டர் ஒண்ணு தானாவே கம்பெனி நெட்வொர்க்கைத் துழாவ ஆரம்பிச்சிருக்கு. யாரும் அதை ஒரு கம்ப்யூட்டரா நினைச்சிருக்கவே மாட்டாங்க. அதுதான் ஆரம்பம். 2020 ஏப்ரல்ல சோபோஸோட ஃபயர்வால்களையே நேரா அடிச்சாங்க. நிர்வாகப் பக்கத்துல ஒரு எஸ்க்யூஎல் ஓட்டை, அது வழியா உள்ளே. சில நாள்ல ஹாட்ஃபிக்ஸ் அனுப்பி அடைச்சாங்க. அந்தத் தாக்குதலுக்காக 2024 டிசம்பர்ல அமெரிக்கா ஒரு சீனக்காரர் மேல குற்றம் சாட்டினப்ப சொன்ன கணக்கு, உலகம் முழுக்க சுமார் 81,000 பொட்டி. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான், 2024 அக்டோபர்ல, இந்த அஞ்சு வருஷத்துக்கும் மேலான சண்டையை சோபோஸ் தானே எழுதி வெளியிட்டது. அதுல அந்த டிஸ்ப்ளேதான் முதல் அத்தியாயம்.

ஹாட்ஃபிக்ஸ் வந்ததால அந்தப் பொட்டிகள் தப்பிச்சுது. அப்டேட்டே வராத பொட்டிக்கு யாரு அனுப்புவாங்க? பீரோ மேல இருந்ததைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். மாமா அதுக்கும் சேர்த்து ஊதுபத்தி காட்டியிருக்கார்னு நினைக்கிறேன்.

புதுப் பொட்டிக்கு லட்சக்கணக்குல செலவு பண்ண மாமா தயாரில்ல. நாலு லான் போர்ட் வெச்ச ஒரு மினி பிசி, அதுல ஓபிஎன்சென்ஸ். இதுக்கும் ஒரு வம்சாவளி உண்டு. சுவிட்சர்லாந்துக்காரர் மானுவேல் காஸ்பர் 2003-ல வெளியிட்ட மோனோவால்தான் இதுக்குப் பாட்டன். மொத்த அமைப்பையும் ஒரே ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்ல வெச்சது அவரோட யோசனை. பொட்டி போனா புதுப் பொட்டியில அந்த ஃபைலைப் போடு, முடிஞ்சது. 2004-ல அதுலேர்ந்து பிஎஃப்சென்ஸ் பிரிஞ்சது, 2015 ஜனவரியில அதுலேர்ந்து ஓபிஎன்சென்ஸ். அடுத்த மாசமே மோனோவாலை நிறுத்தின காஸ்பர், தன் பயனர்களை ஓபிஎன்சென்ஸைப் போய்ப் பாருங்கன்னு அனுப்பி வெச்சார்.

எனக்கு அந்த ஒரே ஃபைல் வசதி கிடைக்கல. பழையது வேற சாதி, புதுசு வேற சாதி. 43 விதியையும் கண்ணால பார்த்துக் கையால எழுதணும். பேருங்களைப் பாருங்க: "டெஸ்ட்", "டெஸ்ட்2", "டெம்ப்", "டெம்ப் சனிக்கிழமை வரை" (எந்தச் சனிக்கிழமை?), எல்லாத்துக்கும் மேல "சார் சொன்னது". எந்த சார்னு மாமாவைக் கேட்டேன். "அப்ப பார்த்துக்கிட்டிருந்த பையன் துபாய் போயிட்டான் மாப்ள. அவன் எல்லாரையும் சார்னுதான் கூப்பிடுவான்."

அந்த "சார் சொன்னது" என்ன தெரியுமா? வெளியே எங்கேர்ந்து வேணும்னாலும், உள்ளே ஒரு கம்ப்யூட்டருக்கு, எல்லா போர்ட்டும். கதவைக் கழட்டி வெச்ச மாதிரி. தூக்கிடலாம்னா, ஏதாவது நின்னுட்டா மாமாவுக்கு டெலிவரி நிக்கும். லேட் டெலிவரிக்குப் பணம் பிடிச்சுக்கிற கஸ்டமர் அவங்க. வெச்சுக்கலாம்னா, இவ்வளவு நேரம் நான் மேல எழுதின கதையெல்லாம் எதுக்கு? அந்த ஞாயிறு மாத்தாம, எல்லா விதிக்கும் லாக் போட்டுட்டு வந்தேன். ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்தா 26 விதியை ஒரு ஈ காக்கா தொடல. "சார் சொன்னது" வழியா வெளியேர்ந்து கதவைத் தட்டிப் பார்த்தவங்க ஏராளம், உள்ளே வந்து வேலை பார்த்ததா யாரும் தெரியல. தைரியமா அதையும் சேர்த்து விட்டுட்டேன். மிச்சம் மட்டும் புதுப் பொட்டிக்கு. சாவி, பாஸ்வேர்டு எல்லாமே புதுசு, பழைய சான்றிதழை எல்லாக் கம்ப்யூட்டர்லேர்ந்தும் கழட்டியாச்சு. போர்ட் ஃபார்வர்டுல மட்டும் வெளி முகவரியை எழுதிட்டு அரை மணி நேரம் முழிச்சேன். இங்கேயும் உள் முகவரியைத்தான் எழுதணும். அந்த 8.3 கதையை அன்னிக்கே படிச்சிருக்கலாம்.

வயரை மாத்தினா நெட்டே வரல. லைன்காரங்க பக்கம் பழைய பொட்டியோட மேக் முகவரியை ஞாபகம் வெச்சிருந்தது. போன் பண்ணி அதை அழிக்கச் சொன்னதும் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு எல்லா மெஷினும் ஓடிச்சு, மாமி கையால ராகி களியும் கோழிக் குழம்பும். ஹீரோ மாதிரி அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரு திரும்பினேன்.

20-ம் தேதி காலையில ஸ்டாண்டப் மீட்டிங்ல இருக்கேன், மாமா போன். "மாப்ள, ஆடிட்டர் ஆபீஸ்லேர்ந்து உள்ளே வர முடியலையாம். இன்னிக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாளாம்டா!" மாசத்துக்கு ஒரே ஒரு தடவை, 20-ம் தேதி ஒட்டி, அவங்க டேலி பார்க்க உள்ளே வர்றது "சார் சொன்னது" வழியாத்தான். நான் லாக் பார்த்த ரெண்டு வாரம் 2-ம் தேதியிலேர்ந்து 16 வரை. அந்த 'சார்' ஆடிட்டர் சார்.

மீட்டிங்லேர்ந்து நழுவி, அவங்க ஆபீஸுக்கு மட்டும் ஒரு விபிஎன் போட்டுக் கொடுக்க ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சு. ரிட்டர்ன் போயிடுச்சு. விதிக்குப் பக்கத்துல இருக்கிற விளக்கக் கட்டத்துல தேதி, காரணம், "மாமா கேட்டது"ன்னு தெளிவா எழுதி வெச்சேன்.

போன வாரம் ஊருக்குப் போனப்ப பொட்டி ஸ்கிரீனை மாமாவுக்குக் காட்டினேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, ஒவ்வொரு வரியா விரலை வெச்சுப் படிச்சுட்டு நிமிர்ந்தார்.

"இதெல்லாம் நான் எப்படா கேட்டேன்?"